மிதத்தலும் நிலைத்தலும்

நுழையும்முன்

நீச்சல் குளங்களில் கைக்குழந்தைகளை அமர்த்தி மிதக்கவிடும் காற்றடைத்த இருக்கைகள் இன்று பல கடைகளில் கிடைக்கின்றன. வண்ணப் படங்களுடன் விளையாட்டுப் பொருளாகத் தோற்றமளிக்கும் அவ்விருக்கை, உண்மையில் ஓர் உயிரைத் தாங்கும் சிறு கலமாகும். ஒரு பெரிய கப்பலைக் கட்டுவோர் எதிர்கொண்ட அதே வினாவை, இச்சிறு கலத்தை வடிவமைப்போரும் எதிர்கொள்கின்றனர். அவ்வினா யாது என்பதை அறிவோம்.

ஒரு வாளியில் நீரை நிரப்பி, வெறும் எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அதில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுத்துப் பாருங்கள். டம்ளர் உடனே மூழ்குவதில்லை. ஆனால் நிமிர்ந்து நிற்பதும் இல்லை. ஒருபக்கம் சாய்ந்து, வாய்வழியே நீரை வாங்கிக்கொள்கிறது. பின்பு அதன் அடியில் சிறிது மணலை இட்டு மீண்டும் மிதக்கவிட்டால், முன்னைவிடச் சற்றுத் தாழ்ந்தாலும் அசைந்தாடி நிமிர்ந்து நிற்கிறது. எடை கூடிய பிறகு நிலைப்புக் கூடியது என்பது வியப்பாகத் தோன்றலாம். மிதத்தல் வேறு, நிலைத்தல் வேறு என்பதை இந்த டம்ளரைவிட எளிதாக விளக்கும் பொருள் பிறிதொன்றில்லை.

எங்கள் தலைமுறையினர் கிணற்றில் நீந்தப் பழகியபோது, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிடுவார்கள். பின்னாளில் அதன் இடத்தைப் பிளாஸ்டிக் கேன் பிடித்துக்கொண்டது. கயிறு நெகிழ்ந்து குடுக்கை வயிற்றுப்பக்கம் நழுவிவிட்டால், அது உடலையே புரட்டிப் போடும். எட்டு வயதுப் பிள்ளை கையையும் காலையும் அடித்து எப்படியோ திரும்பிக்கொள்வான். மேலே படியில் நிற்கும் பெரியவர் திட்டிக்கொண்டே குதிப்பார். பத்து மாதக் குழந்தை புரட்டப்பட்டால் தானாகத் திரும்பிக்கொள்ள இயலாது. மிதவை இருக்கையைப் பற்றிய சிந்தனை முழுவதும் இந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்க வேண்டும்.

குழந்தையின் உடலமைப்பு

வளர்ந்த மனிதரின் தலை, அவருடைய உயரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் தலையோ, அதன் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு. ஓராண்டு நிறைந்த குழந்தைக்கும் தலை பெரிது, கால்கள் சிறியன, கழுத்துத் தசைகள் வலுவற்றன. ஆகவே குழந்தையின் எடை, பெரியவர்களோடு ஒப்பிடும்போது உடலின் மேற்பகுதியில் கூடியிருக்கிறது. வாளியில் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுவதும், விழுந்த பின்னர் எழ முடியாமற் போவதும் இதனாலேதான்.

மிதவை இருக்கையில் அமர்ந்த குழந்தைக்கு இன்னொரு தடையும் உண்டு. அதன் இரு கால்களும் இருக்கைத் துணியிலுள்ள துளைகளின் வழியே நீருக்குள் தொங்குகின்றன. நிமிர்ந்திருக்கும்வரை அத்துளைகள் குழந்தையை நழுவவிடாமல் காக்கின்றன. கவிழ்ந்துவிட்டால் அதே துளைகள் குழந்தையை வெளியேறவிடாமல் தலைகீழாகப் பிடித்துக்கொள்கின்றன. காப்பதும் சிறைப்படுத்துவதும் ஒரே துணிதான்.

உலகச் சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. இவ்விறப்புகளுள் பெரும்பாலானவை நீச்சல் குளத்துக்கு வெளியே, குளம் குட்டைகளிலும் ஆறுகளிலும் நேர்வன. எனினும் குழந்தை நீரில் மூழ்குவது ஓசையின்றி நிகழ்வது என்பது எல்லா இடத்துக்கும் பொது. வாய் நீருக்குள் இருக்கும்போது அழுகுரல் எழுவதற்கு வழியில்லை.

மிதக்க எவ்வளவு காற்று வேண்டும்?

இக்கணக்கு எளிது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். குழந்தை 10 கிலோகிராம், இருக்கை 1 கிலோகிராம் எனக் கொண்டால், விலக்கப்பட வேண்டிய நீர் 11 லிட்டர். குழந்தையின் கால்களும் இடுப்பும் நீருக்குள் இருப்பதால், அவ்வுடலே ஏறத்தாழ 5 லிட்டர் நீரை விலக்கிவிடும். எஞ்சிய 6 லிட்டரைக் காற்று வளையம் விலக்கினால் போதும்.

வெளிவிட்டம் 70 சென்டிமீட்டரும் குழாயின் தடிப்பு 15 சென்டிமீட்டரும் உள்ள ஒரு வளையத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 30 லிட்டர். தேவையோ 6 லிட்டர். ஐந்து மடங்கு காற்று கையிருப்பில் உள்ளது. மிதப்பதைப் பற்றி வடிவமைப்பாளர் கவலைகொள்ள வேண்டியதில்லை என்றே சொல்லலாம். ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது, எளிதில் தீர்ந்துவிட்ட இந்தக் கேள்விக்கான விடை மட்டுமே.

நிலைப்புள்ளி

1628ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து ‘வாசா’ என்னும் போர்க்கப்பல் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. பீரங்கிகளும் மரச்சிற்பங்களும் நிறைந்த அக்கப்பல், கரையிலிருந்தோர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடச் செல்லாமல் காற்றில் சாய்ந்து, பீரங்கி வாயில்களின் வழியே நீர் புகுந்து மூழ்கியது. அது மிதக்கத் தெரியாத கப்பலன்று. நிலைக்கத் தெரியாத கப்பல். மேற்பகுதியில் எடை மிகுந்திருந்ததே அதன் குறை. அக்காலத்தில் ஒரு கப்பல் நிலைத்திருக்குமா என்பதைக் கட்டுமுன் கணித்தறியும் முறை இல்லை.

அம்முறையைத் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென்னமெரிக்காவுக்குச் சென்ற குழுவில் ஒருவராக ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த காலத்தில் அவர் கப்பல்களைப் பற்றிய தம் நூலை உருவாக்கினார். மலையுச்சியில் இருந்துகொண்டு கடற்கலங்களைப் பற்றிச் சிந்தித்தவர் அவர்! 1746ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலில் அவர் சுட்டிய புள்ளியை இயற்பியலார் ‘மெட்டாசென்டர்’ என்பர். இப்பாடத்தில் அதனை நிலைப்புள்ளி என்று வழங்குவோம்.

நிலைப்புள்ளியை விளங்கிக்கொள்ளத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை துணைசெய்யும். அப்பொம்மையின் அடிப்பகுதி அரைக்கோளமாக வளைந்தும் கனமாகவும் இருக்கும். அவ்வளைவுக்கு ஒரு மையம் உண்டு. பொம்மையின் ஈர்ப்பு மையம் அந்த வளைவு மையத்துக்குக் கீழே இருப்பதால், எந்தப் பக்கம் தள்ளினாலும் அதன் எடையே அதனை நிமிர்த்திவிடுகிறது. பொம்மையின் தலையில் ஈயத்தைக் கட்டி ஈர்ப்பு மையத்தை வளைவு மையத்துக்கு மேலே ஏற்றிவிட்டால், அதே எடை அதனைச் சாய்த்துவிடும்.

நீரில் மிதக்கும் பொருளுக்குத் தரை இல்லை. ஆயினும் கணக்கு ஒன்றே. கலம் ஒருபக்கம் சாயும்போது அப்பக்கம் கூடுதல் நீர் விலக்கப்படுவதால், மிதப்பு விசை செயற்படும் இடமும் அப்பக்கம் நகர்கிறது. அந்த விசை செல்லும் செங்குத்துக்கோடு கலத்தின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளியே நிலைப்புள்ளி. ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால் கலம் நிமிரும். மேலே இருந்தால் கவிழும்.

இனி நம் வளையத்துக்கு வருவோம். நிலைப்புள்ளியின் உயரத்தைத் தீர்மானிப்பதில் அகலத்துக்கே முதலிடம். வடிவம் மாறாமல் அகலம் இருமடங்கானால், நிமிர்த்தும் ஆற்றலுக்கு அடிப்படையான அளவு பதினாறு மடங்காகிறது. முன்பு கூறிய அதே குழந்தைக்கு 50 சென்டிமீட்டர் வெளிவிட்டமுள்ள சிறிய வளையத்தைக் கொண்டு கணக்கிட்டால், நிலைப்புள்ளி நீர்மட்டத்துக்கு மேலே 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அமைகிறது. குழந்தையை வளையத்தின் மேலேயே உயர்த்தி உட்கார வைத்தால், அதன் ஈர்ப்பு மையமும் ஏறத்தாழ அவ்வுயரத்தை எட்டிவிடும். கவிழ்வதற்கு ஒரு சிறு அசைவே போதும். 70 சென்டிமீட்டர் வளையத்திலோ நிலைப்புள்ளி நீருக்கு மேலே 70 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. இருபது சென்டிமீட்டர் அகலம் கூடியதன் பயன் அது.

தெரிந்து தெளிவோம்: மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையாகிய கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ என வழங்குகிறது. ஆனால் இன்று ஆங்கிலத்தில் அச்சொல் இரண்டு உடற்பகுதிகளை இடைவெளிவிட்டு இணைத்த படகைக் குறிக்கும். அகலத்தால் நிலைப்புப் பெறும் கலத்துக்கு அப்பெயர் சென்று சேர்ந்தது பொருத்தமே.

அகலத்துக்கு அடுத்தது தாழ்வு. குழந்தையின் இருக்கைத் துணி நீர்மட்டத்துக்குக் கீழே தொங்கினால் ஈர்ப்பு மையம் இறங்குகிறது. மிகவும் தாழ்த்திவிட்டால் சிற்றலையும் வாயில் தெறிக்கும். குழந்தையின் உடல் விரைவில் குளிர்ந்தும் போகும். நீர்மட்டம் குழந்தையின் நெஞ்சுக்குக் கீழே, தொப்புளுக்குச் சற்று மேலே நிற்பது நடுவான அளவு எனலாம்.

இக்கணக்குகள் யாவும் சிறிய சாய்வுக்கே பொருந்தும் என்பதை மறத்தல் கூடாது. குளத்தில் இறங்கும் ஐந்து வயது அண்ணன் விளையாட்டாக வளையத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் எந்தக் கணக்கும் நில்லாது. வெயில் படாதிருக்க இருக்கைக்கு மேலே பொருத்தும் கூரையும் அவ்வாறே. காற்று வீசும்போது அது பாயாக மாறிவிடும்.

கவிழ்ந்த வளையம்

வளையத்தை அகலமாக்குவதில் ஒரு கொடிய முரண் ஒளிந்திருக்கிறது. தட்டையான வளையத்துக்கு மேல் கீழ் என்னும் வேறுபாடு இல்லை. நிமிர்ந்த நிலையில் அது எவ்வளவு உறுதியாக மிதக்கிறதோ, கவிழ்ந்த நிலையிலும் ஏறத்தாழ அவ்வளவு உறுதியாக மிதக்கும். கவிழ்வதை அரிதாக்கிய அதே அகலம், கவிழ்ந்தபின் மீள்வதையும் அரிதாக்குகிறது. குழந்தையின் தலை அப்போது நீருக்குள் இருக்கும்.

இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் உயிர்காக்கும் படகுகளைச் செய்தவர்கள். 1789ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டைன் ஆற்றின் முகத்துவாரத்தில் ‘அட்வென்ச்சர்’ என்னும் கப்பல் தரைதட்டி உடைந்தது. கரையில் திரண்டிருந்த மக்களால், கண்ணெதிரே மாலுமிகள் மடிவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. அதன்பின் சவுத் ஷீல்ட்ஸ் நகரத்தார் சிறந்த மீட்புப் படகு வடிவத்துக்குப் பரிசு அறிவித்தனர். போட்டியில் கலந்துகொண்டவர்களுள் வில்லியம் உட்ஹேவ் என்பவரும் ஒருவர். நீர் நிறைந்த மரத்தொட்டியில் உடைந்த மரக்கிண்ணத் துண்டு ஒன்று மிதப்பதை அவர் கண்டதாகவும், எத்தனை முறை கவிழ்த்தாலும் அது தானே நிமிர்ந்துகொண்டதாகவும் அவ்வூரில் ஒரு செய்தி வழங்குகிறது. முன்னும் பின்னும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்திருந்த அதன் வளைவே காரணம். பரிசில் பாதியே உட்ஹேவுக்குக் கிடைத்தது. அவருடைய எண்ணம் நெடுங்காலம் காத்திருந்தது. 1851ஆம் ஆண்டு நடந்த மற்றொரு போட்டியில், தானே நிமிரும் படகை வடிவமைத்த ஜேம்ஸ் பீச்சிங் முதற்பரிசு பெற்றார்.

தானே நிமிரும் படகின் நுட்பம் இதுதான்: படகின் இரு முனைகளிலும் உயரமான காற்றறைகள், அடியில் கனமான இரும்பு. கவிழ்ந்ததும் படகு அவ்விரு முனைகளின்மீது ஏறி நிற்கும். கனமான அடிப்பகுதி மேலே வந்துவிடும். அந்நிலையில் நிலைத்திருக்க இயலாமல் அது உருண்டு நிமிரும்.

இந்நுட்பத்தைக் குழந்தை இருக்கைக்குக் கொண்டுவர இயலுமா? முதுகுச் சாய்வையும் பக்கச் சாய்வையும் உயரமான காற்றறைகளாக அமைக்கலாம். அதனால் கவிழ்ந்த நிலையின் உறுதி குறையும். ஆனால் இரும்புக்கு ஈடாக இங்கு எதுவுமில்லை. குழந்தையின் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே ஆதலால், அது அடிச்சுமையாகப் பயன்படாது. இருக்கைக்குக் கீழே ஈயக்கட்டியைத் தொங்கவிட்டால், காற்று கசியும் நாளில் அக்கட்டியே எமனாகிவிடும். ஆகவே கைக்குழந்தைக்கான காற்றடைத்த இருக்கை தானே நிமிரும் என்று எவரேனும் கூறினால், அக்கூற்றை ஐயத்துடனே அணுக வேண்டும். கவிழ்வதைக் கடினமாக்கலாம், கவிழ்ந்தபின் நிமிர்த்தும் வேலை ஒரு மனிதக் கைக்கே உரியது.

காற்றறையும் துணியும்

காற்றடைத்த பொருள் என்றேனும் ஒருநாள் கசியும். அதனால் வளையத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரிப்பர். பிரிக்கும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. வளையத்தை இடம், வலம் என இரண்டாகப் பகுத்தால், ஓர் அறை கசிந்தபின் எஞ்சிய 15 லிட்டர் காற்று குழந்தையை மிதக்க வைக்கப் போதுமானதே. ஆனால் இருக்கை கசிந்த பக்கம் சாய்ந்து கவிழ்ந்துவிடும். மிதப்புக் கணக்கில் தேறியது, நிலைப்புக் கணக்கில் தோற்கும். அறைகளை ஒன்றினுள் ஒன்றாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ அமைத்தால், எது கசிந்தாலும் வளையம் எல்லாப் பக்கமும் சமமாகவே தாழும்.

வெப்பத்தின் விளைவும் கருதற்குரியது. நண்பகல் வெயிலில் 40 பாகை செல்சியசில் ஊதப்பட்ட வளையத்தை 28 பாகையுள்ள நீரில் இட்டால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து ஏறத்தாழ 4 விழுக்காடு சுருங்குகிறது. அளவில் இது சிறிதே. ஆனால் வாயால் ஊதிய வளையத்தில் விறைப்பைத் தந்துகொண்டிருந்தது அந்தச் சிறிதளவுதான். அது போனதும் வளையம் தொய்ந்து, குழந்தை சாயும் பக்கம் விளிம்பு மடங்குகிறது. முதலில் வெறும் இருக்கையை நீரில் சிறிது நேரம் மிதக்கவிட்டு, மீண்டும் ஊதி விறைப்பாக்கிய பின்னரே குழந்தையை அமர்த்த வேண்டும்.

பெரும்பாலான மிதவைகள் பி.வி.சி. என்னும் நெகிழித் தாளால் ஆனவை. அத்தாளை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகை வேதிப்பொருள்கள் சிலவற்றுக்குக் குழந்தைப் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் வரம்பு விதித்துள்ளன. குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பது இங்கும் வடிவமைப்புச் செய்தியே. காற்றடைப்பானின் மூடியைக் குழந்தை பற்றி இழுக்காதவாறு, அது வளையத்தின் வெளிப்புறத்தில் உட்புதைந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் வலுவற்றதாகப் பலமுறை வெளிப்பட்டது, காற்றறையன்று. குழந்தை அமரும் துணியும் அதன் இணைப்புமே. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் குழந்தை மிதவைகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கால்களைத் தாங்கும் பட்டைகள் கிழிந்து குழந்தைகள் நீருக்குள் விழுந்ததாக முப்பதுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்திருந்தன. அங்கு வளையம் மிதந்துகொண்டுதான் இருந்தது. குழந்தைதான் அதில் இல்லை. இருக்கைகளுக்கெனவே ஐரோப்பியத் தர விதி இ.என். 13138, தனியொரு பகுதியை ஒதுக்கியிருப்பதும் இவ்வகை இடர்களைக் கருதியே. கால்துளை பெரிதானால் குழந்தை நழுவும். சிறிதானால் தொடையை இறுக்குவதோடு, ஆபத்தில் வெளியே எடுக்கவும் தாமதமாகும். குழந்தையோ மாதந்தோறும் வளர்கிறது. போன கோடையில் சரியாக இருந்த இருக்கை இந்தக் கோடையில் சரியாக இராது. இருக்கை பத்திரமாகப் பரணில் இருந்தது என்பதற்காக அதனை மீண்டும் பயன்படுத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

கைப்பிடி

இத்தகைய இருக்கைகளின் அட்டைப்பெட்டிப் படங்களைப் பாருங்கள். பலவற்றில் நீல நீரின் நடுவே குழந்தை தனியே சிரித்துக்கொண்டிருக்கும். அருகில் ஒரு பெரியவரின் கைகூட இராது. ‘பெரியவர் மேற்பார்வை தேவை’ என்னும் எச்சரிக்கை, மிகச் சிறிய எழுத்தில் வேறொரு பக்கத்தில் இருக்கும். இருக்கை நன்றாக இருப்பதாலேயே பெற்றோர் சற்று விலகி அமர்ந்து பேசத் தொடங்கிவிடுவதும் உண்டு. இடுப்பளவு நீர்தானே என்று எண்ணுவோர், அந்த இடுப்பு யாருடையது என்பதை எண்ணுவதில்லை.

ஆகவே நல்ல வடிவமைப்பாளர் பெரியவரையும் சேர்த்தே வடிவமைக்கிறார். வளையத்தின் பின்புறம் அகலமான, வழுக்காத கைப்பிடி ஒன்றை, முழு இருக்கையையும் குழந்தையோடு தூக்கும் வலிமையுடன் அமைக்கலாம். கைப்பிடி இருந்தால் கை தானே அதனை நாடும். கயிறு கட்டுவதற்கான வளையத்தை அங்கே வைக்கலாகாது. கயிறு இருந்தால் பிடிப்பவர் கரையேறிவிடுவார். எச்சரிக்கை எழுத்துகள் குழந்தை அமர்ந்ததும் மறைந்துவிடும் உட்புறத்தில் இராமல், நிற்பவரின் கண்ணுக்கு நேரே, விளிம்பின் மேற்புறத்தில், அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். கை எட்டும் தொலைவு என்பதனையும் அங்கேயே, இத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணால் குறிப்பிடலாம்.

கற்பவை கற்றபின்...

1. மூடியுள்ள தூக்குவாளி ஒன்றைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, கற்களை அதன் அடியில் இட்டும் மூடியின்மேல் வைத்தும் நேரும் மாற்றங்களைக் குறிப்பெடுத்து வகுப்பில் விளக்குக.

2. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள குழந்தைப் பொருள் ஒன்றன் எச்சரிக்கைக் குறிப்பைப் படித்து, அதனை எளிய தமிழில் திருத்தி எழுதுக.

3. ‘காப்பதும் சிறைப்படுத்துவதும் ஒரே துணிதான்’ என்னும் தொடர் பொருந்தக்கூடிய வேறொரு பொருளைத் தேர்ந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.